முதல் உலக்கை

மருதங்குடா,
பழுகாமம்.
18.1.1942

அன்புள்ள தங்கச்சி பாலசுந்தரிக்கு,

கண்ணகை அம்மன் காவலில் இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தானுக்கு மட்டும் பனிக்காலத்து இருமல். நீயும் மச்சானும் கனகவல்லியும் சுகம்தானே?

பொங்கலுக்கு நீ அனுப்பிய சீலையும் படமும் கிடைத்தன. நல்ல சீலை. இந்த ஊரில் அதை எங்கே உடுத்திக்கொண்டு போவது என்றுதான் தெரியவில்லை. களத்துமேட்டுக்குப் போகலாம், மாடுகள் பார்க்கும். படத்தில் உன் மகள் கனகம் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருக்கிறாள். உன் அத்தான் அதை முன்சுவரில், அம்மா படுத்திருந்த இடத்துக்கு நேரே மாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பேச்சுத்தான். "அப்பிடியே உங்கட அம்மாட முகம் கா!" நான் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். இங்கே கறையான் அதிகம்.

வெள்ளாமை இந்த முறை பரவாயில்லை. எங்கள் வட்டையில் மற்ற வயல்களுக்கு முன்பே நம் வயலில் கதிர் முற்றிவிட்டது. மூத்தவனுக்குச் செட்டிபாளையத்தில் பெண் பேசுகிறார்கள். கட்டினால் அவனும் பெண் வீட்டோடு போய்விடுவான். மற்ற இருவரும் பின்னாலே போவார்கள். ஆண்பிள்ளைகளைப் பெற்றவள் வீடு அப்படித்தான்.

பெரியம்மாவின் பேத்தி பூரணம் மார்கழியில் பெரியபிள்ளையாகிவிட்டாள். தண்ணீர் வார்ப்புக்கு நானும் போனேன். சாப்பாடு நன்றாக இருந்தது.

வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா,
சீதேவிப்பிள்ளை


திருக்கோணமலை.
2.2.1942

அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். மூவரும் சுகமாக இருக்கிறோம். அத்தானுக்கு ஆடாதோடை இலை அவித்துக் கொடுங்கள்.

பூரணம் வீட்டுச் சாப்பாட்டை எழுதினீர்கள், மற்றதை எழுதவில்லையே? நாலு வருடமாகக் கோயிலில் முதல் உலக்கை பிடித்தவள் அவள்தானே. வைகாசிச் சடங்கில் அம்மனுக்குப் பொங்கும் நெல்லை, மாலையாத்தா குடியில் பிறந்த, பெரியபிள்ளையாகாத பெண்தான் முதலில் குத்தவேண்டும். குடி தாய்வழிதானே. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். இப்போது நம் குடியில் அந்த வயதில் இருப்பவள் கனகம் ஒருத்திதான். இந்த வருடம் அவள் முறை இல்லையா, அக்கா?

அவளுடைய பள்ளிக்கூடத்தில் அவரவர் ஊர்ச் சரித்திரத்தை எழுதி வரச் சொன்னார்களாம். இவள் பிறந்து வளர்ந்த ஊரை விட்டுவிட்டு மருதங்குடாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்கிறாள். மாலையாத்தா கதை எனக்குப் பாதிதான் நினைவில் இருக்கிறது. அம்மா சொன்னபடி நீங்கள் எழுதுங்கள்.

இன்னொன்று. இங்கே தெருவெல்லாம் பதுங்குகுழி வெட்டுகிறார்கள். துறைமுகத்தில் கப்பல் நிறைந்து கிடக்கிறது. இவருக்குக் கப்பல் பட்டறைக் கந்தோரில் வேலை, விட்டு வரமுடியாது. எங்கள் இருவரையும் ஊருக்குப் போகச் சொல்கிறார். மாசியில் வரலாமா?

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
பாலசுந்தரி


மருதங்குடா.
1.3.1942

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். அறுவடை வேலையில் பதில் பிந்திவிட்டது, குறை நினைக்காதே.

மாலையாத்தா கதை கேட்டாய். நம் முன்னோர் தோணியில் வந்து இந்தக் குடாவில் காடு வெட்டிய காலம். ஒரு வருடம் மழை இல்லை, பேதி வேறு. அம்மனுக்குப் பொங்க ஒரு சுண்டு அரிசி ஊரில் இல்லை. விதைநெல் மட்டும் வீடு வீடாக இருந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாலையாத்தா தன் விதைநெல்லைக் கொண்டுவந்து கோயில் வாசலில் உரலில் கொட்டித் தனியே குத்தினாள். பிறகு மழை பெய்தபோது அவளிடம் விதைக்க ஒன்றும் இல்லை. ஊரார் ஆளுக்கொரு பிடி விதை கொடுத்தார்கள். முதல் உலக்கை இனி அவள் வயிற்றில் பிறந்த பெண்களுக்கு என்று அன்றைக்குத்தான் வைத்தார்கள்.

அவளுக்கு ஒரு தங்கச்சியும் இருந்தாளாம். தன் நெல்லைப் பானையில் போட்டு மண்ணுக்குள் ஒளித்தவள். அவள் பெயர் ஒருவருக்கும் தெரியாது. கனகம் இதையும் சேர்த்து எழுதட்டும்.

வருவதைப் பற்றிக் கேட்டாய். இது உனக்கும் தாய்வீடுதான், நான் என்ன சொல்ல இருக்கிறது. ஆனால் கூரை வேயவில்லை. கிடுகுக்குச் சொல்லி வைத்திருக்கிறது. உள்வீடு முழுக்க நெல்மூடை. காய்ச்சலும் நடமாடுகிறது. சப்பாத்துப் போட்டுப் பழகிய பிள்ளை இந்தச் சேற்றில் என்ன செய்வாள்? பங்குனி கழியட்டும், எழுதுகிறேன்.

மச்சானை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


திருக்கோணமலை.
9.3.1942

அன்பான அக்காவுக்கு,

நலம். நீங்களும் அத்தானும் பெண் தேடும் மகன்மாரும் நலமாக இருக்கவேண்டும்.

கதையைக் கனகம் அப்படியே எழுதி வகுப்பில் வாசித்தாளாம். அன்று முதல் வீட்டில் விளக்குமாற்றைத் தலைகீழாகப் பிடித்து உலக்கை போடுகிறாள். "பெரியம்மா எப்ப வரச் சொன்னவ?" என்று நாளைக்குப் பத்துத் தரம் கேட்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?

கூரை ஒழுகினால் ஒழுகட்டும் அக்கா. அந்த வீட்டில் ஒழுகுகிற இடமெல்லாம் எனக்கும் தெரியும். நெல்மூடைக்கு மேல் படுத்துக்கொள்கிறோம். அவளுக்குப் பன்னிரண்டு வயது நடக்கிறது. இந்த வைகாசியை விட்டால் அவளுக்கு இன்னொரு வைகாசி இருக்குமோ தெரியாது. நீங்கள் சடங்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

இவருடைய கந்தோரில் பதியுதீன் என்று ஒருவர், ஏறாவூர்க்காரர். அவருடைய தாயார் ஆசியா உம்மா தனியே இருக்கிறாராம். "எங்கட உம்மாட்ட கொண்டு விடுங்க" என்று இவரிடம் சொல்லியிருக்கிறார். எங்களுக்குத் தாய்வீடு இருக்கும்போது ஏன் அங்கே போக வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன்.

ஒரு வரி எழுதினால் போதும், புறப்பட்டுவிடுவோம்.

பாலசுந்தரி


மருதங்குடா.
2.4.1942

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம், சுகமறிய ஆசை. களத்தில் நெல்லுச் சூடு மிதிப்பு முடிந்துதான் பேனாவைத் தொட நேரம் கிடைத்தது.

காய்ச்சல் இன்னும் விடவில்லை. பக்கத்து வளவில் இரண்டு பேர் படுக்கை. யுத்தம் என்று இரவில் விளக்கு வைக்கவே விடமாட்டார்களாம், பிறகு சடங்கு எப்படி நடக்கும்? இந்த வருடம் நடக்காது என்றுதான் பேச்சு. கனகம் அவசரப்பட வேண்டாம் என்று சொல்.

உங்களுக்கு ஏறாவூரில் ஆட்கள் இருப்பது நல்லது. கந்தோர்க்காரருக்கு எங்கே போனாலும் ஆட்கள் உண்டு. பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு உன்னைத்தானே அனுப்பினார்கள். நான் இங்கே நாற்றுக்கும் களைக்கும் நின்றேன்.

வேய்ந்ததும் எழுதுகிறேன்.

அக்கா


மருதங்குடா.
14.4.1942

தங்கச்சி,

வருடப் பிறப்பு அன்று எழுதுகிறேன். நீங்கள் மூவரும் நலமா? அது ஒன்றுதான் கேள்வி.

வியாழக்கிழமை கடல் பக்கம் இடி மாதிரிக் கேட்டது. மழை வரப்போகிறது என்று நெல்லை அள்ளினோம். பிறகுதான் சொன்னார்கள், மட்டக்களப்புக்கு நேரே ஒரு கப்பல் கடலுக்குள் தாண்டுபோய்விட்டதாம், திருக்கோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்டானாம். உன் அத்தான் சோற்றைத் தொடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

வாருங்கள். கூரை இருக்கிறபடி இருக்கட்டும். உடனே வாருங்கள்.

அக்கா


மருதங்குடா.
24.4.1942

மச்சான் நல்லரத்தினம் அவர்களுக்கு,

தங்கச்சிக்கு எழுதிய கடிதம், வீட்டில் ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. உங்கள் கந்தோருக்கு எழுதுகிறேன். தங்கச்சியும் பிள்ளையும் எங்கே? உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு சொல் எழுதுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

சீதேவிப்பிள்ளை


ஏறாவூர்.
1.5.1942

அன்பான அக்காவுக்கு,

நானும் கனகமும் சுகம். இவரும் சுகமாக வேலையில் இருக்கிறார். நீங்கள் எழுதியதை இங்கே அனுப்பி வைத்தார்.

குண்டு விழுந்த அன்று பதுங்குகுழிக்குள் கனகம் என் கையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். தழும்பு இன்னும் மாறவில்லை. மறுநாள் ஊரே நடந்தது. ரயில் கோச்சியில் கால் வைக்க இடமில்லை. மூதூருக்குத் தோணி, அங்கிருந்து மாட்டுவண்டி. வெருகல் ஆறு தாண்டி வாகரைக்கு வந்தபோது மீன்பிடிக்கிற சனங்கள் எங்களைக் கூப்பிட்டுக் கஞ்சி வார்த்தார்கள். யார் எவர் என்று கேட்கவில்லை.

உங்கள் ஏப்ரல் இரண்டாம் தேதிக் கடிதம் வீட்டைவிட்டு இறங்குகிற நேரத்தில்தான் கையில் கிடைத்தது. வண்டியில் வைத்துத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஓட்டமாவடிப் பாலத்தில் வண்டிக்காரர் கேட்டார். "தங்கச்சி, பழுகாமம் எண்டுதானே சென்னீங்க? நேர போவமா?" நான், "இல்லண்ண, ஏறாவூரோட நிப்பாட்டுங்க" என்றேன்.

ஆசியா உம்மா கதவைத் திறந்து, "வாங்க புள்ள, இது உங்கட ஊடுதான்" என்றார். உம்மாவுக்கு முன்பின் தெரியாதவர்கள் நாங்கள்.

அத்தானின் இருமலைக் கவனியுங்கள்.

பாலசுந்தரி


மருதங்குடா.
5.5.1942

என் தங்கச்சிக்கு,

உயிரோடு இருக்கிறீர்கள். அம்மன் கண் திறந்தாள். கடிதத்தை உன் அத்தான் நாலு பேருக்கு வாசித்துக் காட்டிவிட்டார். வெருகலும் வாகரையும் தாண்டி வந்தவர்கள் இன்னும் கொஞ்சத் தூரம் வரக்கூடாதா? "உன்ட தங்கச்சி ஏன் கா ஏறாவூரில நிக்கிறா?" என்று கேட்கிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

சடங்கு நடக்கத்தான் போகிறது. மாத முடிவில் கோயில் கதவு திறக்கிறார்கள். நம் குடியில் ஆள் வராவிட்டால் முதல் உலக்கை கண்டன் குடிக்குப் போய்விடுமாம், போனால் பிறகு திரும்பாதாம். கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் நேற்றுத்தான் இதைச் சொன்னார். ஒரு வருடம் ஆள் இல்லாவிட்டாலும் கோயில் உரிமை நம்மிடமே நிற்கும் என்றுதான் நான் இருந்தேன். மாலையாத்தா காலத்திலிருந்து வந்ததை நம் காலத்தில் விடுவதா?

மூத்தவனை வண்டியோடு அனுப்புகிறேன். கனகத்தைக் கூட்டிக்கொண்டு அதிலேயே வா. கூரை வேய்ந்தாகிவிட்டது.

அக்கா


ஏறாவூர்.
17.5.1942

அக்காவுக்கு,

சுகம். மூத்தவன் வெறும் வண்டியோடு திரும்பி வந்திருப்பான். வீட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, சோறு கொடுத்து அனுப்பினோம். காரணத்தை அவனிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, எழுதுகிறேன்.

அவன் வருவதற்கு முதல் நாள் கனகம் பெரியபிள்ளையாகிவிட்டாள்.

ஆசியா உம்மாவின் குசினியில், உம்மாவோடு நெல்லுக் குத்திக்கொண்டு நின்றவள். பழகவேண்டும், வைகாசிக்குப் பெரியம்மா கூப்பிடுவா என்று கேட்டு வாங்கிக் குத்தியவள். உலக்கையை வைத்துவிட்டு அழுதாள். நோவில் அழுகிறாள் என்று நினைத்தேன். "இனி நான் கோயில்ல குத்தேலாதே அம்மா" என்றாள். நம் ஆட்கள் நின்று செய்யவேண்டிய எல்லாவற்றையும் ஆசியா உம்மா செய்தார். நம் வழக்கத்தை என்னிடம் கேட்டுக் கேட்டு, தண்ணீர் வார்த்து, உழுத்தங்களி கிண்டி, முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தார்.

நெல் விற்க ஏறாவூர்ச் சந்தைக்கு வந்த நம் ஊர்ச் சாமித்தம்பி அண்ணனைக் கண்டேன். மாசியிலேயே கோயிலில் கூட்டம் போட்டுச் சடங்குக்கு நாள் வைத்ததாகச் சொன்னார். அந்தக் கூட்டத்தில் நீங்கள் வண்ணக்கரிடம், "பாலசுந்தரி புள்ளய அனுப்ப மாட்டாளாம்" என்றீர்களாம். நான் அப்படி எப்போது எழுதினேன், அக்கா?

ஊரில் காய்ச்சலும் இல்லையாம்.

பாலசுந்தரி


மருதங்குடா.
3.6.1942

தங்கச்சிக்கு,

கனகம் எப்படி இருக்கிறாள்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் உரல் வைத்தார்கள். நம் வீட்டுக் கருங்காலி உலக்கையை மஞ்சள் பூசி எடுத்துக்கொண்டு நானும் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே. ஒருவேளை நீ வந்துவிடுவாய், சாமித்தம்பி சொன்னதும் நீ எழுதியதும் எல்லாம் பொய்யாகிவிடும் என்று ஒரு எண்ணம். வண்ணக்கர் எழுந்து நின்று, "மாலையாத்தா குடி! முதல் உலக்கைக்கு ஆள் வரலாம்!" என்று கூப்பிட்டார். மூன்று முறை கூப்பிடுவது வழக்கம். மூன்று முறையும் ஊர் முழுக்க என் முகத்தைத்தான் பார்த்தது. பக்கத்தில் என் மூன்று பிள்ளைகளும் மரம் மாதிரி நின்றார்கள். பிறகு கண்டன் குடியைக் கூப்பிட்டார். மூக்கு ஒழுகிக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளை தங்கள் வீட்டு உலக்கையோடு ஓடி வந்தது. ஊர் குரவையிட்டது. நானும் இட்டேன், தங்கச்சி. பழகிய வாய், தானாக இட்டது.

நீ கேட்டதற்குப் பதில். நீ அப்படி எழுதவில்லை. நான்தான் சொன்னேன். எரிச்சல்தான், வேறு என்ன? இரண்டு வருடம் அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளினவள் நான். கடைசியாக ஒருநாள் நீ கனகத்தைக் கொண்டுவந்து காட்டினாய். கண் தெரியாத கிழவி அவளைத் தடவிப் பார்த்து, "மாலையாத்தா வந்திட்டாள், இனி இந்த வீட்டுக்கு ஆள் இருக்கு" என்றாள். நான் பக்கத்தில் கஞ்சிக் கோப்பையோடு நின்றேன். அப்போது நான் ஆள் இல்லையா? எனக்குப் பிறகு இந்த வீடு உன் மகளுக்கு. கோயில் உரிமையும் உன் மகளுக்கு. நான் அதுவரைக்கும் காவல். இந்த ஒரு வைகாசி அவள் கையில் அந்த உலக்கையை நான் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். குண்டு விழும் என்று நினைக்கவில்லை.

நெல்லை ஒளித்தவள் மாலையாத்தாவின் தங்கச்சி என்று எழுதினேன். அம்மா 'கூடப்பிறந்தவள்' என்று மட்டும்தான் சொன்னாள். அக்காவாகவும் இருந்திருக்கலாம்.

உலக்கையை மூத்தவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். இங்கே மூலையில் நிற்கிறதைப் பார்க்க முடியவில்லை. கனகம் வைத்துக்கொள்ளட்டும். பெரியபிள்ளையானவளுக்குப் பெரியம்மா கொடுத்தது என்று இருக்கட்டும். அவளுக்கு முதல் தண்ணீர் வார்த்த அந்த உம்மாமேலும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. இதையும் சொல்லிவிட்டேன்.

சீதேவிப்பிள்ளை


ஏறாவூர்.
13.6.1942

அக்கா,

கனகம் சுகமாக இருக்கிறாள், சாப்பிடுகிறாள். நான் ஒரு வாரம் உங்களோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். இப்போது களைத்துவிட்டேன்.

எனக்கும் எரிச்சல் உண்டு. அம்மா உங்கள் மடியில்தான் போனாள். நான் வந்தபோது பந்தல் கட்டியாகிவிட்டது. அந்த வீட்டின் ஒவ்வொரு தூணும் உங்களுக்கு, எனக்கு வாடகை வீட்டுச் சுவர். பொங்கல் சீலையை நல்ல விலையாகப் பார்த்து வாங்கியதே நீங்கள் விலையை யோசிக்கவேண்டும் என்றுதான். கனகத்துக்குச் சப்பாத்துப் போட்டுப் படம் எடுத்ததும் அதற்குத்தான்.

நீங்கள் எழுதியதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்மேல் எரிச்சல் என்ற இடத்தில் நிறுத்தினேன், வாசிக்கச் சொன்னார். வாய் நிறைந்த வெற்றிலையோடு சிரித்தார். "உங்கட ராத்தா நல்ல மனிசி. மனசில கிடக்கிறத எழுதியிருக்கா. மத்தவங்க சிரிச்சிக்கிட்டு இருப்பாங்க."

உலக்கையைக் கனகம் உரலடியில் நிறுத்தினாள். உம்மா அதைத் தொடவில்லை. "இது உங்கட சாமிக்குக் குத்தின ஒலக்க. எங்கட ஊட்டு நெல்லுக்கு இத நான் எடுக்க மாட்டன் புள்ள. இருந்த எடத்தில கொண்டு வெய்யுங்க. ஒலக்க தனியப் போகாது, உங்கட ஆள் ஒண்டு தூக்கிட்டுப் போகோணும்" என்றார். கனகம் உடனே அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள். கோயில் போனால் போகட்டும், பெரியம்மா வீட்டில் மாவு இடிக்கலாம்தானே என்று கேட்கிறாள்.

வெள்ளிக்கிழமை வருகிறோம். படத்தைப் பெட்டியிலேயே வைத்திருங்கள், கறையான் அரிக்கும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம், அக்கா. நீங்கள் கூரையைப் பற்றி எழுதத் தொடங்குவதற்குள் நாங்கள் செட்டிபாளையத்தில் உங்கள் கரைக்குத் தோணி ஏறியிருப்போம்.

தங்கச்சி,
பாலசுந்தரி